கதவே மேஜையான கதை

பத்துக்குப் பத்து அறை என்றாலே "ரொம்பச் சின்னது" என்று முகம் சுளிப்போம். ஏறத்தாழ பத்துக்கு ஏழு அளவுள்ள ஓர் அறையில், கொஞ்சம் உயரமானவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும் கூரைக்குக் கீழே, கணவன், மனைவி, மூன்று நான்கு குழந்தைகள் என்று ஒரு குடும்பமே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது என்றால் நம்ப முடிகிறதா? ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல. தலைமுறை தலைமுறையாக, நூறு வருடங்களுக்கும் மேலாக!

இது நடந்தது இங்கிலாந்தின் கால்வாய்களில். அந்த அறை, சரக்குப் படகின் பின்பக்கம் இருந்த கேபின். அந்தக் கேபினுக்குள் ஒரு மேஜை இருந்தது. பார்த்தால் மேஜை என்றே தெரியாது, ஏனென்றால் பெரும்பாலான நேரம் அது ஓர் அலமாரியின் கதவாக இருந்தது. சாப்பிடும்போது மட்டும் கீழே இறங்கி மேஜையாகும். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கதவாகிவிடும்.

இடத்தை மிச்சப்படுத்தும் மடக்கு மேஜைகள் இன்று எந்த மரச்சாமான் கடையிலும் கிடைக்கும். ஆனால் இந்த மேஜை ஏன் மடங்க வேண்டி வந்தது என்ற கேள்விக்குப் பின்னால் தண்ணீர், நிலக்கரி, ரயில், கூலி என்று ஒரு பெரிய பொருளாதாரக் கதையே இருக்கிறது.

ஏழு அடி எங்கிருந்து வந்தது?

1761இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தன் வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார். பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. கால்வாய் வந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காரணம் எளிது. பொதி சுமக்கும் குதிரையின் முதுகில் நூறு, நூற்றைம்பது கிலோ ஏற்றலாம். அதே குதிரையைக் கரையில் நடக்கவிட்டுக் கயிற்றால் படகை இழுக்கச் சொன்னால், 25 முதல் 30 டன் வரை இழுத்துவிடும்!

விஷயம் தெரிந்ததும் எல்லோருக்கும் கால்வாய் ஆசை வந்துவிட்டது. பீங்கான் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஜோசையா வெட்ஜ்வுட் போன்றவர்கள் முன்னின்று தொடங்கிய டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயின் வேலை 1766இல் ஆரம்பித்தது. அதற்கும் பிரிண்ட்லிதான் பொறியாளர். பாதையில் மேடு பள்ளம் இருந்தால் படகைத் தண்ணீரோடு சேர்த்து ஏற்றி இறக்க மதகுத் தொட்டிகள் வேண்டும். இவற்றை 'லாக்' என்பார்கள். ஒவ்வொரு முறை ஒரு படகு கடக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடும். தொட்டி பெரிதாக இருந்தால் தண்ணீரும் அதிகம் செலவாகும், கட்டும் செலவும் அதிகம். இதுபோக, ஹேர்காசில் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுமார் 2.6 கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதை வெட்ட வேண்டியிருந்தது. அகலமாக வெட்டினால் கட்டுப்படியாகாது.

எனவே பிரிண்ட்லி லாக்குகளை ஏறத்தாழ 72 அடி நீளம், 7 அடி அகலம் என்று குறுக்கிக் கட்டினார். 1772இல் அவர் இறந்துபோனார். கால்வாய் 1777இல்தான் முடிந்தது. ஆனால் அந்த அளவு நிலைத்துவிட்டது. அதனோடு இணைந்த மற்ற கால்வாய்கள் பலவும் அதே அகலத்தைப் பின்பற்றின. அதனால் படகும் ஏழு அடிக்குள், சுமார் 70 அடி நீளத்தில் செய்யப்பட்டது. உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத, பென்சில் மாதிரி ஒல்லியான படகு. பெயரும் அதற்கேற்றபடி 'நாரோபோட்'. சுருங்கச் சொன்னால், மேஜையின் முதல் அளவை எடுத்தவர் தச்சர் இல்லை, தண்ணீர்க் கணக்குப் போட்ட பொறியாளர்.

குடும்பம் படகில் ஏறியது ஏன்?

ஆரம்ப காலத்தில் படகில் பெரும்பாலும் ஆண்கள்தான் வேலை பார்த்தார்கள். மனைவி, மக்கள் கரையில் வீட்டில் இருந்தார்கள். கால்வாய் கம்பெனிகள் நல்ல லாபம் பார்த்த காலம் அது.

1830இல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1840களில் நாடு முழுக்க ரயில் பைத்தியம் பிடித்தது. ரயிலோடு போட்டி போடக் கால்வாய்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வழி கட்டணத்தைக் குறைப்பது. குறைத்தார்கள். அதன் சுமை கடைசியில் யார் தலையில் விழும்? படகுக்காரர் தலையில்தான்.

அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கொண்டுபோகும் சரக்கு எத்தனை டன், எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துத்தான் காசு. அதிலிருந்து உதவியாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கரையில் வீட்டு வாடகை கட்ட வேண்டும். வருமானம் குறைந்தபோது அவர் என்ன செய்தார்? இரண்டு செலவையும் ஒரே அடியில் வெட்டினார். வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி, மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டார். வாடகை மிச்சம். மனைவி சுக்கான் பிடித்தார், பிள்ளைகள் குதிரையை ஓட்டினார்கள், லாக் கதவுகளைத் தள்ளினார்கள். கூலியும் மிச்சம்.

இப்படித்தான், ஓர் ஆள் முடங்கிப் படுப்பதற்காக இருந்த கேபின் ஒரு குடும்பத்தின் வீடாக மாறியது. வீடு பெரிதாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

படகு 70 அடி. முன், பின் முனைகளையும் கேபினையும் கழித்தால் சரக்குக்குக் குத்துமதிப்பாக 50 அடி மிஞ்சும். அதில் 25 டன் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு அரை டன். அதாவது கேபினை ஓர் அடி நீட்டினால் ஒவ்வொரு நடைக்கும் அரை டன் கூலி போச்சு! நாற்காலி போட ஓர் அடி, மேஜை போட இரண்டடி என்று ஆரம்பித்தால், அந்த மேஜையில் வைத்துச் சாப்பிடச் சோறு இருக்காது. பொருளாதாரப் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று படிக்கிறோமே, அது இந்தக் கேபினில் அடிக்கணக்கில் அளந்து வைக்கப்பட்டிருந்தது.

கேபினுக்குள் ஒரு சுற்று

படகின் பின்முனையில் சிறிய இரட்டைக் கதவு. திறந்து உள்ளே கால் வைத்தால் முதல் படியே நிலக்கரிப் பெட்டி. ஒரே பெட்டி, இரண்டு வேலை.

இறங்கியதும் இடதுபக்கம் வார்ப்பிரும்பு அடுப்பு. அது வாசலை ஒட்டி இருப்பதற்குக் காரணம் உண்டு. சுக்கான் பிடிப்பவர் வாசலில் நின்றுதான் பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் அவர் காலுக்கு அடுப்புச் சூடு கிடைக்கும். சுக்கானை விடாமலே குனிந்து கெட்டிலை எடுத்துக்கொள்ளலாம்.

அடுப்பை அடுத்து நம் கதாநாயகன், மேஜை அலமாரி. தட்டுமுட்டுச் சாமான், ரொட்டி, டீத்தூள் எல்லாம் அதற்குள். கதவின் கீல் பக்கவாட்டில் இருக்காது, அடியில் இருக்கும். மேல்முனையைப் பிடித்து இழுத்தால் கதவு முன்பக்கமாகச் சாய்ந்து படுக்கைவாட்டில் நிற்கும். அவ்வளவுதான், மேஜை தயார்.

இடதுபக்கம் இப்படி என்றால், வலதுபக்கம் நீளவாட்டில் ஒரு பெஞ்சு. அடியில் சாமான்கள், மேலே உட்காரும் பலகை. இரவில் அதுவே பிள்ளைகளின் படுக்கை. கேபினின் உள்கோடியில் இன்னொரு பெரிய அலமாரி. அதன் கதவைக் கீழே இறக்கினால் படகின் குறுக்கே ஒரு பலகை விழும். அது கணவன், மனைவி படுக்கும் கட்டில். காலையில் படுக்கையைச் சுருட்டி அதே அலமாரிக்குள் திணித்துக் கதவை மூடினால் படுக்கை அறை மாயம். வாசல் பக்கம் ஒரு சின்ன இழுப்பறை. கால்வாய்க் கட்டணச் சீட்டுகள் வைக்க. அலுவலகம் அதுதான்!

ஆக, அதே எழுபது சதுர அடி காலையில் சமையலறை, அடுத்து சாப்பாட்டு அறை, பகலில் வேலையிடம், இரவில் படுக்கை அறை.

அந்த மேஜையில் அப்படி என்ன விசேஷம்?

சாதாரண மடக்கு மேஜையை மடித்தால் அதை எங்காவது சாய்த்து வைக்க வேண்டும். ஓடும் படகில் அது சரியும், உருளும், காலில் விழும். மடித்த பிறகும் இடத்தை அடைக்கும். இந்த மேஜையை மடித்தால் அலமாரிக்கு எப்படியும் தேவைப்படும் ஒரு கதவாகிவிடுகிறது. மேஜைக்கென்று தனியாக ஓர் அங்குலம்கூடச் செலவில்லை. இதுதான் முதல் சிறப்பு.

இரண்டாவது, இதற்குத் தரையில் ஊன்றும் கால் கிடையாது. கேபினின் நடுவில் மிஞ்சிய தரை இரண்டு மூன்று அடிதான். அங்கே நாலு கால் ஊன்றினால் மனிதக் கால்களுக்கு இடமில்லை.

மூன்றாவது, எதிரே உள்ள பெஞ்சைக் கணக்கில் வைத்தே இது பொருத்தப்பட்டது. கதவு கீழே விழுந்தால் நடைபாதைக்கு மேலே பாலம் போல் நிற்கும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நேர் முன்னால் வரும். நாற்காலி தேவையில்லை. நடைபாதை அடைபடுமே என்றால், சாப்பிடும் அந்தப் பதினைந்து நிமிடம் யார் நடக்கப் போகிறார்கள்?

நான்காவது, பண்டங்கள் மேஜைக்கு நேர் பின்னாலேயே இருந்தன. கதவைத் திறந்தால் மேஜையும் வந்துவிடும், அதன் மேல் வைக்க வேண்டிய தட்டும் ரொட்டியும் கைக்கெட்டும். அடுப்பு பக்கத்திலேயே. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே பரிமாறலாம்.

இதை வடிவமைத்தவர் யார்? ஒரு தனி மனிதர் பெயரைச் சொல்ல முடியாது. கால்வாய்க் கரைப் பட்டறைகளில் தச்சர்கள் தலைமுறைகளாகத் திருத்தித் திருத்திச் செய்த அமைப்பு இது. பிரான்ஸ்டனில் இருந்த நர்சர் பட்டறை, பான்பரியில் இருந்த டூலி பட்டறை போன்றவை இருபதாம் நூற்றாண்டிலும் இந்தக் கலையைக் கைவிடவில்லை. ஒரு கேபினில் வளர்ந்தவர் இன்னொரு கேபினில் நுழைந்தால், இருட்டிலும் கையை நீட்டி வேண்டியதை எடுக்கலாம். அந்த அளவுக்கு எல்லாப் படகிலும் ஒரே வரிசை.

அதோடு, மேஜைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஓவியம் வரைந்தார்கள். ரோஜாப் பூக்கள், கோட்டை, ஏரி, பாலம். இந்த 'ரோஜாவும் கோட்டையும்' பாணி எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில் 1858இல் வந்த ஒரு கால்வாய்ப் பயணக் கட்டுரையிலேயே படகின் அலங்காரம் பேசப்படுகிறது. சுவரில் ஓரம் பின்னியது போன்ற பீங்கான் தட்டுகள், பளபளக்கும் பித்தளைக் குமிழ்கள், கையால் பின்னிய வெள்ளை லேஸ். கரையில் இருந்தவர்கள் 'அழுக்குப் படகுக்காரர்கள்' என்று ஒதுக்கியபோது, இந்தப் பெண்கள் தந்த பதில் அந்தக் கேபினின் சுத்தம்.

சட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது

படகுகளுக்குள் குழந்தைகள் வளர்வது கொஞ்ச காலம் கரையில் இருந்தவர்கள் கண்ணில் படவே இல்லை. அதைப் பொதுப் பிரச்சினையாக்கியவர் ஜார்ஜ் ஸ்மித். 1831இல் பிறந்தவர், சிறு வயதில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். சூளைகளில் குழந்தைகள் படும் பாட்டை எதிர்த்துப் போராடி 1871இல் சட்டம் வரக் காரணமானார். அடுத்து கால்வாய்ப் படகுகளின் பக்கம் திரும்பினார். 1875இல் அவர் வெளியிட்ட புத்தகம் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. அவர் சொன்ன எண்ணிக்கைகளும் படகு மக்களின் ஒழுக்கம் பற்றிய வர்ணனைகளும் மிகையானவை என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் அடிப்படைப் பிரச்சினை உண்மை. பிள்ளைகள் நெருக்கத்தில் வளர்ந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்தார்கள்.

1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ஆட்கள் குடியிருக்கும் படகுகளைப் பதிவு செய்ய வேண்டும், எண் எழுத வேண்டும், ஆய்வாளர்கள் உள்ளே வந்து பார்க்கலாம். அதன்கீழ் வந்த விதிகள் காற்றைக்கூட அளந்தன. பின்பக்கக் கேபினுக்குக் குறைந்தது 180 கன அடி. 12 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 60 கன அடி, அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 40 கன அடி.

கூட்டிப் பாருங்கள். கணவனும் மனைவியும் 120. குழந்தை ஒன்று என்றால் 160. இரண்டாவது குழந்தை பிறந்தால் 200. குறைந்தபட்ச அளவுக் கேபின் நிரம்பி வழிந்தாயிற்று! அதனால் பெரிய பிள்ளைகளை வேறொரு படகில் உறவினரோடு அனுப்பினார்கள். சில படகுகளில் முன்முனையில் இன்னொரு குட்டிக் கேபின் கட்டினார்கள்.

1884இல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. நெருக்கமும் சுகாதாரமும் மெதுவாக மேம்பட்டன. ஆனால் படிப்பு? படகு பதிவான ஊரில் உள்ள பள்ளிக்குப் பிள்ளை போக வேண்டும் என்றது சட்டம். படகோ வருடம் முழுக்க வேறு வேறு ஊரில். இன்று ஒரு பள்ளியில் அரை நாள், அடுத்த வாரம் வேறொரு பள்ளியில் ஒரு நாள் என்று போன பிள்ளை என்ன படிக்கும்? 1921இல் நெவில் சேம்பர்லின் (பின்னாளில் பிரதமரானவர்) தலைமையிலான குழு, பள்ளி நாட்களில் படிக்கும் வயதுப் பிள்ளைகள் படகில் வசிக்கவே கூடாது என்று பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. பிள்ளைகளைப் பிரிக்காதே என்று பெற்றோர் கேட்டதில் பாசமும் இருந்தது, பிழைப்பும் இருந்தது. பிள்ளை இறங்கிப் போனால் லாக் கதவைத் திறக்க ஆளில்லை. 1930இல் வெஸ்ட் டிரேட்டன் என்ற ஊரில் 'எல்ஸ்டேல்' என்ற படகையே பள்ளிக்கூடமாக்கிப் பார்த்தார்கள். பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி தண்ணீருக்கு வரட்டும் என்ற யோசனை.

கடைசிச் சரக்கு

1912 முதல் 'ஃபெல்லோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன்' போன்ற கம்பெனிகள் டீசல் வகை எஞ்சின் வைத்த படகுகளை இறக்கின. எஞ்சின் படகு ஒன்று, அது இழுக்கும் எஞ்சின் இல்லாத 'பட்டி' படகு ஒன்று என்று ஜோடியாக ஓடின. ஜோடி என்றால் இரண்டு கேபின், இரண்டு மேஜை. குடும்பத்துக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறையால், படகே பார்த்திராத இளம்பெண்கள் பயிற்சி பெற்று மூன்று பேராகச் சேர்ந்து இந்த ஜோடிகளை ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரான எம்மா ஸ்மித் எழுதிய 'மெய்டன்ஸ் டிரிப்' 1948இல் வெளிவந்தது.

அதே 1948இல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமை ஆயின. லாரிகள் மீதி இருந்த சரக்கையும் எடுத்துக்கொண்டன. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தபோது, வாடிக்கையாளர்கள் காத்திருக்கவில்லை, வேறு வழிக்குப் போய்விட்டார்கள். லண்டனின் சவுத்தால் பகுதியில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன ஒப்பந்தம் 1970இல் முடிந்தது. நெடுந்தூரச் சரக்குப் படகின் கதை அத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது.

கால்வாய்கள் அழியாமல் தப்பியதற்கு எல்.டி.சி. ரோல்ட் ஒரு முக்கியக் காரணம். 1939இல் 'கிரெஸ்ஸி' என்ற படகில் மனைவியோடு கிளம்பிய அவர் எழுதிய 'நாரோ போட்' புத்தகம் 1944இல் வந்தது. 1946இல் கால்வாய்களைக் காக்கச் சங்கம் உருவானது. இன்று அதே ஏழடி அகலக் கால்வாய்களில் ஆயிரக்கணக்கான படகுகள் விடுமுறைக்காகவும் வீடாகவும் மிதக்கின்றன. அவற்றில் பல, கழற்றி மாட்டும் ஒற்றைக் கால் மேஜையை வைத்திருக்கின்றன. காலைக் கழற்றிப் பலகையை இரண்டு இருக்கைகளுக்கு நடுவே வைத்தால் அதுவே கட்டில். மரபை விரும்புகிறவர்கள் புதுப் படகிலும் பழைய பாணியில் மேஜை அலமாரி செய்து, கதவில் கோட்டையும் ரோஜாவும் வரையச் சொல்கிறார்கள்.

எல்லெஸ்மியர் போர்ட் என்ற ஊரில் உள்ள தேசிய நீர்வழி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பழைய படகுகளைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் "அடடா, என்ன மூளை!" என்று வியப்பது நியாயம்தான். ஒரு கதவை மேஜையாக்க மூளை வேண்டும். ஆனால் அந்த மேஜை மிச்சப்படுத்திய இடம் குடும்பத்துக்குப் போகவில்லை. முன்னால் இருந்த நிலக்கரிக்குப் போனது. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர்கள், குடும்பம் எங்கே உட்கார்ந்து சாப்பிடும் என்று கேட்கவில்லை. கேட்காததற்கு விடையாக ஒரு தச்சர் கீலை அடியில் வைத்தார். அந்தக் கதவைத் திறந்து, ரொட்டியை வெட்டி, ஆறு பேருக்குப் பங்கு வைத்து, துடைத்து, மறுபடி மூடிவிட்டுச் சுக்கான் பிடிக்கப் போன பெண்களின் பெயர்களில் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் இல்லை.